கடைசிக் கப்பலும் ஒரு சாமத்தியச் சடங்கும்

உந்தக் கதிரையிலை ஆரும் இருக்கினமோ, தம்பி? இல்லையோ. அப்ப நான் இருக்கிறன். எனக்குக் காலொண்டு ஏலாது, இதிலை எண்டால் சுவரிலை சாயலாம். மேடையும் வடிவாத் தெரியும். மேடையிலை நிக்கிறவைக்கு நாங்கள் தெரியமாட்டம், அதுவும் நல்லது தான்.

நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ? மாப்பிள்ளையோடை வேலை செய்யிறனீங்களோ. நல்லது, நல்லது. நான் பொம்பிளை பகுதி. பொம்பிளைக்கு நான் மாமன் முறை. அந்தா, மேடைக்குப் பக்கத்திலை பட்டுவேட்டியோடை நிண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டு நிக்கிறாரே, அவர் கனடாவிலை இருந்து வந்த தாய்மாமன். சொந்தத் தாய்மாமன் அவர் தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இந்தப் பிள்ளை பெரியபிள்ளை ஆன நேரம் தலையிலை பால் அறுகு வைச்சது ஆரெண்டு கேட்டுப் பாருங்கோ. இந்தக் கை, தம்பி. இந்தக் கை தான்.

எனக்குக் கலியாணக் காட் ஒண்டும் வரேல்லை. தபாலிலை துலைஞ்சிருக்கும், இப்ப தபாலெல்லாம் ஒழுங்கா எங்கை வருகுது. எங்கடை தமிழ்க் கடையிலை வெண்டிக்காய் வாங்கப் போன இடத்திலை, பஞ்சலிங்கத்தாற்றை மகளுக்குக் கலியாணமாம் எண்டு கதைச்சினம். எங்கடை சனத்துக்குள்ளை காட் வந்தால் தானோ போறது? கேள்விப்பட்டால் போறது தானே முறை.

வாசல்லை ஆக்களுக்குக் கை குடுத்துக்கொண்டு நிக்கிற நரைச்ச மனிசன் தான் பஞ்சலிங்கம், பொம்பிளையின்ரை தேப்பன். நான் பஞ்சண்ணை எண்டு கூப்பிடுறது. இருபது வருசமா என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. கோயில் தேருக்குக் கண்டால் சனத்துக்குள்ளை மறைஞ்சிடுவார். ஒரு செத்தவீட்டிலை நான் உள்ளை போக அவர் வெளியிலை போட்டார். இண்டைக்கும் பாருங்கோ, நான் வாறதைக் கண்ட உடனை குனிஞ்சு சப்பாத்து நூல் கட்டுறவர் மாதிரி நிக்கிறார். காலிலை செருப்பு!

எனக்கு அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். ‘வா குலம்’ எண்டால் காணும். அதுக்குத் தான் இந்தக் குளிருக்குள்ளை மூண்டு பஸ் மாறி வந்தனான்.

என்ன நடந்ததெண்டோ? ஒண்டுமே நடக்கேல்லை, தம்பி. அது தான் எனக்கும் விளங்காதது. நீங்கள் வெளியாள், ரெண்டு பக்கமும் சாராத ஆள். கேட்டிட்டு நீங்களே சொல்லுங்கோ.

ஹெல்விக் எண்டு ஒரு ஊர். கேள்விப்பட்டிருக்க மாட்டியள், இப்ப அங்கை ஊரே இல்லை. நோர்வே முடியிற இடத்திலை கப்பலேறி, அதுக்கும் வடக்கை போனால் ஒரு தீவு. ஒரு மரம் கிடையாது. மலையைக் குடைஞ்சு நிலக்கரி எடுக்கிறது ஒண்டு தான் தொழில். ஐப்பசி கடைசியிலை சூரியன் போனால் மாசியிலை தான் திரும்ப முகத்தைக் காட்டும். நாங்கள் கொஞ்சப் பேர் முந்தி வடக்குக் கரையிலை மீன் ஃபக்டரியிலை நிண்டனாங்கள், தோள்மூட்டுக் கழர மீன் வெட்டிக்கொண்டு. தீவிலை ஒரு கொம்பனி புதுச் சுரங்கம் திறக்குது, ஆள் எடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு நானும் பஞ்சண்ணையும் இன்னும் மூண்டு பெடியளும் போனம். பஞ்சண்ணை சுரங்கத்துக்குள்ளை. எனக்கு இழுப்பு வருத்தம் இருந்தபடியால் கன்ரீன். சமையல் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, வெள்ளையளுக்கு உருளைக்கிழங்கு அவிக்கிறது. சனிக்கிழமை மட்டும் என்ரை கோழிக்கறி. சுரங்கத்து வெள்ளையள் மூக்கு ஒழுக ஒழுக வரிசையிலை நிண்டு வாங்கித் தின்னுவாங்கள்.

நாங்கள் போகேக்கை நாலு மரக் கொட்டில். எங்கடை கண்ணுக்கு முன்னாலை தான் ஊர் வளந்தது. பள்ளிக்கூடம் வந்தது, நீச்சல் தடாகம் வந்தது, படம் பாக்க ஒரு மண்டபம் வந்தது, ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் ஒரு டொக்டரும் வந்தவை. தமிழ்க் குடும்பம் மட்டும் பதினொண்டு. அங்கை ஒரு பழக்கம், எந்தக் கட்டடத்துக்குள்ளை போறதெண்டாலும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சொக்ஸோடை தான் போகவேணும், கரித்தூள் உள்ளை வரப்படாதெண்டு. எங்கடை ஆக்களுக்கு அது நல்லாப் பிடிச்சுது. கோயிலுக்குப் போற மாதிரி எல்லோ.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வெளியிலை விளையாடப் போனால் ரீச்சர் துவக்கோடை போவா. பனிக்கரடிக்கு. தவமலர் அக்கா முதல் நாள் அதைக் கண்டிட்டு ஒரே அழுகை. துவக்குக்குப் பயந்து தானே நாட்டை விட்டு வந்தனாங்கள், இஞ்சை ரீச்சரின்ரை தோளிலையும் துவக்கோ எண்டு.

தவமலர் அக்கா பஞ்சண்ணையின்ரை மனிசி. மேடையிலை மஞ்சள் சீலையோடை நிக்கிறா பாருங்கோ, அவ தான். என்னைத் தம்பி எண்டு தான் கூப்பிடுறது. ஞாயிற்றுக்கிழமை எண்டால் எனக்கு அவை வீட்டை தான் சாப்பாடு. நான் கலியாணம் கட்டேல்லை. பேசினவை, ஒண்டும் சரிவரேல்லை. ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுறவனுக்கு ஒரு நேரம் ஆரும் இருத்தி வைச்சுப் போட்டுத் தந்தால், அது வேறை ருசி, தம்பி. வத்சலா, அது தான் இண்டைக்குப் பொம்பிளை, அப்ப சின்னன். கன்ரீனுக்கு ஓடி வந்து என்ரை முதுகிலை ஏறி நிண்டு கறிச்சட்டிக்குள்ளை எட்டிப் பாக்கும்.

சரி, விசயத்துக்கு வாறன். அந்த வருசம் ஐப்பசியிலை வத்சலா பெரியபிள்ளை ஆகிட்டாள். அதே நேரம் தவமலர் அக்காவும் அஞ்சு மாசம். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு. அவவுக்குச் சரியான வெக்கம், மகளுக்கும் சடங்கு, தாயும் வயித்தோடை நிக்கிறா எண்டு. அந்த ஊரிலை பிள்ளை பெறுறேல்லை. பெற ஒரு மாசம் கிடக்கேக்கையே ஹெலிகொப்ரரிலை ஏத்திப் பெரிய ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். அது மட்டும் டொக்டர் பாப்பார்.

அக்காவுக்கு அந்தக் குளிர்காலம் அங்கை நிக்க விருப்பமில்லை. கடைசிக் கப்பலோடை போவம், போவம் எண்டு ஒரே அரியண்டம். கடைசிக் கப்பல் எண்டால், அது போனால் கடல் உறைஞ்சிடும், பிறகு வைகாசியிலை தான் அடுத்த கப்பல். பஞ்சண்ணை பிடிகுடுக்கேல்லை. ‘டொக்டர் இருக்கிறார், அவசரமெண்டால் ஹெலி இருக்கு, என்னடியப்பா பயம்? இந்த ஒரு குளிர்காலம் மட்டும் நிப்பம்’ எண்டார். எனக்கு முன்னாலை தான் சண்டை. நான் வாய் திறக்கேல்லை. புருசன் பெண்சாதிக்குள்ளை நாங்கள் புகுந்து கதைக்கலாமோ?

சடங்கு என்ரை கன்ரீனிலை தான். கப்பல் துறையிலை நிக்கிற நாளாப் பாத்து வைச்சது, ஏனெண்டால் தேங்காய், வாழைப்பழம், பூ எல்லாம் அந்தக் கப்பலிலை தான் வந்தது. மாவிலை வரேல்லை. பச்சைக் கடதாசியை வெட்டி நிறைகுடத்துக்கு வைச்சம். அறுகம்புல்லுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் சாடியிலை வளத்த ஏதோ ஒரு புல்லு. தாய்மாமனுக்கு எங்கை போறது? அக்கா என்ரை கையைப் பிடிச்சு, ‘தம்பி, நீ நில். நீ என்ரை கூடப்பிறந்தவன் தான்’ எண்டா. நான் அழுதிட்டன், தம்பி. வெக்கமில்லாமல் சொல்லுறன், தேங்காய் உடைக்க முன்னம் குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதிட்டு வந்தனான்.

அது சடங்கண்டைக்கு. அதுக்கு முதல் நாள் மத்தியானம் நடந்ததைத் தான் சொல்லவேணும்.

கன்ரீனுக்குப் பின்னாலை கந்தோர் ஆக்களுக்கு ஒரு சின்ன அறை. அதிலை மனேஜரும் டொக்டரும் சாப்பிடுகினம், நான் பரிமாறுறன். மனேஜர் சொல்லுறார், சுரங்கத்தை மூடப்போகினமாம், தலைமைக் கந்தோரிலை முடிவாப் போச்சாம், வைகாசியோடை ஊரே காலியாம். டொக்டர் வழமையா அந்தக் கப்பலிலை லீவிலை போறவர், அவருக்குப் பதிலா ஒரு ஆள் ஹெலியிலை வாறது. இந்த முறை ஆள் வராதாம். மூடப்போற ஊருக்கு ஆர் புது டொக்டரை அனுப்புறது? கப்பல் போகுமட்டும் இதை வெளியிலை விடப்படாது, விட்டால் சனம் எல்லாம் ஏறிப்போடும், பிறகு குளிர்காலக் கரியை ஆர் வெட்டுறது எண்டார் மனேஜர். சொல்லிப்போட்டு நிமிந்து என்னைப் பாத்தார். ‘உனக்கு இப்ப நொஸ்க் பாசை நல்லா விளங்கும் போலை’ எண்டார். ‘கொஞ்சம் கொஞ்சம்’ எண்டு சொல்லிப்போட்டு, கிழங்குச் சட்டியை வைச்சிட்டு வந்திட்டன்.

இப்ப சொல்லுங்கோ. விடிஞ்சால் சடங்கு. நிறைகுடம் வைக்கிற வீட்டிலை போய், ஊர் மூடுப்படப் போகுது, இனி டொக்டர் இல்லை எண்டு ஆரும் சொல்லுவினமோ? எங்கடை முறையிலை இருக்கோ? ஊரிலை ஆரும் செத்த செய்தி வந்தால் கூடக் கலியாண வீட்டிலை பந்தி முடியத் தானே சொல்லுறது. அதுவும் தாய்மாமன் இடத்திலை நிக்கிறவன் தன்ரை வாயாலை சொல்லலாமோ? சடங்கு முடியச் சொல்லுவம் எண்டு தான் இருந்தனான். சத்தியமாச் சொல்லுறன். சடங்கு முடியப் பந்தி. சுரங்கத்து வெள்ளையளும் கப்பல்காரரும் சொக்ஸ் காலோடை வரிசையா இருந்து கையாலை சாப்பிட்டாங்கள். பந்தி முடியச் சட்டி பானை கழுவ இருந்தது. கழுவி முடியக் கப்பல் ஊதுது.

ஆரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஆரும் கேக்கேல்லை.

டொக்டருக்கு வழிச்சாப்பாடு கட்டிக் குடுத்ததும் நான் தான். பாணும், முட்டையும், சடங்கிலை மிஞ்சின வடையும். என்ரை கையைக் குலுக்கினார். ஏதோ சொல்ல வந்தவர், பிறகு சொல்லாமல் போட்டார். அவரும் படிச்ச மனிசன், அவர் சொல்லியிருக்கலாம் தானே? அவரை ஒருத்தரும் குறை சொல்லுறேல்லை.

எனக்கு என்ன லாபம், யோசிச்சுப் பாருங்கோ. அவை போனாலும் எனக்கு ஒண்டு தான், நிண்டாலும் ஒண்டு தான். ஞாயிற்றுக்கிழமை தனிய இருந்திருப்பன். அது பெரிய விசயமோ? அந்த இருட்டுக்குள்ளை, அந்த அறையிலை, மற்ற வீடுகளிலை லைற் எரியிறதைப் பாத்துக்கொண்டு… சரி, அதை விடுங்கோ. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்கழியிலை தான் கொம்பனி வெளியிலை சொன்னது, அது மட்டும் புது டொக்டர் வாறார், வாறார் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவை. எல்லாரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டு மனேஜர் ஒரு கடதாசியை வாசிச்சார். சனம் கொதிச்சுப் போச்சுது. நானும் எழும்பிக் கத்தினன். ஏன் முந்தியே சொல்லேல்லை எண்டு நான் தான் ஆகப் பெரிசாக் கத்தினனான். மனேஜர் என்னை ஒரு பார்வை பாத்தார், அவ்வளவு தான்.

அக்காவை அனுப்ப நாளெல்லாம் குறிச்சுப் பெட்டியும் கட்டி வைச்சிருந்தது. அதுக்கு முன்னம் தையிலை ஒரு புயல். ஹெலி பறக்கேலாது. அந்தப் புயலுக்குள்ளை அவவுக்கு நோ தொடங்கிட்டுது. சுரங்கத்திலை காயத்துக்குக் கட்டுப் போடுற ஒரு வெள்ளைப் பெடியன் தான் நிண்டவன். நல்லவன், தன்னாலை ஏலுமானதைச் செய்தான். ரேடியோவிலை ஒரு டொக்டர் சொல்லச் சொல்லச் செய்தான். ஆம்பிளைப் பிள்ளை. கொஞ்ச நேரம் அழுதது. பிறகு அழேல்லை.

அங்கை குளிர்காலத்திலை நிலத்தைத் தோண்டேலாது. புயல் விட்டு ஹெலி வருமட்டும் அந்தச் சின்னப் பெட்டியை எங்கை வைக்கிறது? என்ரை கன்ரீன் குளிரறையிலை தான் வைச்சவை. அது அங்கை இருக்குமட்டும் நான் குளிரறைக்குள்ளை போகேல்லை. ஊருக்கெல்லாம் ரின்னிலை அடைச்ச மீன் தான் குடுத்தனான். ஏனெண்டு ஒருத்தனும் கேக்கேல்லை.

வைகாசியிலை கப்பல் வந்தது, எல்லாரும் வெளிக்கிட்டம். ஒரு ஊர் ஒரு நாளிலை முடியிறதை நான் அண்டைக்குத் தான் பாத்தனான். கதவுகளைப் பூட்டவும் இல்லை, ஆருக்குப் பூட்டுறது? நான் மட்டும் கன்ரீனைக் கூட்டிக் கழுவித் துடைச்சுப்போட்டு வந்தனான். இப்ப உல்லாசப் பயணிகளைக் கொண்டுபோய்க் காட்டுகினமாம். ஒரு பெடியன் ஃபோனிலை படம் காட்டினவன். என்ரை குசினி யன்னலிலை கடல் பறவையள் கூடு கட்டியிருக்கு. ஆக்கள் சப்பாத்தோடை உள்ளை போய் வருகினம். சொல்ல ஒருத்தரும் இல்லை.

அண்டைக்குக் கப்பலிலை பஞ்சண்ணை என்ரை பக்கத்திலை இருந்து எழும்பி மற்றப் பக்கம் போனவர் தான். அண்டையோடை கதை நிண்டது. ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம் எண்டு நினைக்கிறன். மனேஜராத் தான் இருக்கும். குலத்துக்கு எல்லாம் தெரியும் எண்டு சொல்லியிருப்பார். சரி, ஆரும் சொன்னால் என்னட்டை வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தானே? இருபது வருசம் ஒரு மனிசனைத் தள்ளி வைக்கிறது நியாயமோ? கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் எண்டு நான் எத்தினை பேரிட்டைச் சொல்லிப்போட்டன். எல்லாரும் தலையை ஆட்டுகினம். ஒருத்தரும், குலம் உன்னிலை பிழையில்லை எண்டு வாய் திறந்து சொல்லுகினம் இல்லை. நீங்களும் தலையைத் தான் ஆட்டுறியள்.

தம்பி, ஒரு உதவி செய்யிறியளோ? தொண்டை வறண்டு போச்சு. ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ. சீனி வேண்டாம்.

வந்திட்டியளோ. வையுங்கோ, வையுங்கோ. கண்டனீங்களோ? நீங்கள் அங்காலை போக, அவர் இங்காலை வந்தவர்! பஞ்சண்ணை! இந்தக் கதிரையிலை தான், நீங்கள் இருந்த கதிரையிலை தான் இருந்தவர்.

‘குலம்’ எண்டார். ‘குலம், நீ வருவாய் எண்டு நினைச்சனான். காட் அனுப்ப எனக்கு முகமில்லை’ எண்டார். முகமில்லையாம், தம்பி! அவருக்கு! ‘அவள் கப்பலிலை போவம் எண்டு உனக்கு முன்னாலை தான் கெஞ்சினவள். நான் தான் பிடிவாதம் பிடிச்சு மறிச்சனான். அதுக்கு நீ ஒருத்தன் தான் சாட்சி. உன்ரை முகத்தைக் காணேக்கையெல்லாம் எனக்கு அது தான் ஞாபகம் வரும், அதாலை தான் ஓடித் திரிஞ்சனான். என்ரை பிள்ளையைக் கொண்டது நான் தானடா’ எண்டு, கலியாண வீட்டிலை, பட்டுவேட்டியோடை, அந்த மனிசன் அழுகுது. ‘மன்னிச்சுக்கொள்ளடா’ எண்டு என்ரை கையைப் பிடிக்குது.

அவருக்கு ஒண்டும் தெரியாது, தம்பி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இருபது வருசமா அவருக்கு ஒண்டும் தெரியாது.

நான் என்ன சொன்னனானோ? ‘விடுங்கோ அண்ணை, நான் உங்களை ஒரு நாளும் பிழையா நினைக்கேல்லை’ எண்டன். மன்னிச்சிட்டன். என்ரை வாயாலை அவரை நான் மன்னிச்சிட்டன். மகளுக்குத் தாலி ஏறின கையோடை அந்த மனிசனை இருத்தி வைச்சு வேறை கதை சொல்லேலுமோ? அவருக்கு முகம் அப்பிடியே தெளிஞ்சு போச்சு. வாற ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா, அவளைப் புட்டு அவிக்கச் சொல்லுறன் எண்டிட்டுப் போறார்.

இதுக்குத் தானே வந்தனான். சந்தோசமாத் தானே இருக்கவேணும். இந்தாங்கோ, இந்தத் தேத்தண்ணியை நீங்களே குடியுங்கோ.

அந்தா, அக்காவிட்டைச் சொல்லுறார். இங்காலை கையைக் காட்டுறார். அவ பாக்கிறா.

தம்பி, ஆரும் கேக்கேல்லை எண்டு சொன்னனான் எல்லோ. அக்கா கேட்டவ. பந்தி முடிஞ்சு, கப்பல் ஊத முன்னம், குசினிக்குள்ளை தனிய வந்து கேட்டவ. ‘தம்பி, நீ கந்தோர் ஆக்களுக்குப் பரிமாறுறனி. ஏதும் கதை அடிபடுதோ? நீ ஒரு சொல்லுச் சொல்லு, நான் இவர் வராட்டிலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இப்பவே ஏறிடுவன்’ எண்டவ. நான் கையிலை சட்டியோடை நிண்டனான். ‘ஒண்டுமில்லை அக்கா, பயப்பிடாமல் நில்லுங்கோ’ எண்டனான். அவ சிரிச்சுக்கொண்டு போனவ.

அதை அவ மனிசனுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அவர் என்னட்டை வந்து அழுவாரோ? ஏன் சொல்லேல்லை, தம்பி? இருபது வருசமா அவர் தன்னைத் தானே தின்னுறதைப் பாத்துக்கொண்டும் ஏன் சொல்லேல்லை? என்னை உண்மையாவே நம்பிக்கொண்டு இருக்கிறாவோ? இல்லாட்டில், நான் வந்து சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாவோ?

மேடையாலை இறங்கிட்டா. சாப்பாட்டு மேசைக்குப் போறா. தட்டு எடுக்கிறா. தன்ரை கையாலை சோறு போடுறா, பாருங்கோ, கறி பாத்துப் பாத்து வைக்கிறா. எனக்குத் தான். இங்காலை தான் வாறா.

என்ரை ஜக்கெற் எங்கை? அந்தக் கதிரைக்குப் பின்னாலை, எடுத்துத் தாங்கோ, கெதியா. பின்பக்கத்தாலை ஒரு கதவு இருக்கு தானே? அவ வந்து, குலம் எண்டு ஒருத்தன் இதிலை இருந்தவனோ எண்டு கேட்டால், தெரியாதெண்டு சொல்லுங்கோ, தம்பி.